பரிசமும் வரதட்சணையும்: மணப்பொருளின் உடைமை யாருக்கு?

தமிழ்நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை, பிராமணரல்லாத சாதிகள் பலவற்றில் திருமணத்துக்குப் பொருள் கொடுத்தவர்கள் மாப்பிள்ளை வீட்டார். பெண் வீட்டுக்குப் பணம், புடவை, தானியம் என்று கொண்டுபோய்ப் பரிசம் போட்ட பிறகே பெண் உறுதியானாள். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய நூல் பல சாதிகளில் வழங்கிய இந்தப் பரிசத்தைப் பதிவு செய்திருக்கிறது. அந்த நூல் வெளிவந்து நூறாண்டு ஆவதற்குள் நிலைமை தலைகீழானது. 'எத்தனை பவுன் போடுவீர்கள்?' என்று பெண்ணைப் பெற்றவர்களிடம் கேட்பதே சம்பந்தப் பேச்சின் தொடக்கமாகிவிட்டது. பரிசம் என்பது நிச்சயதார்த்தத் தட்டில் ஒரு புடவையாகவும் சடங்குக்கு வைக்கும் சிறு தொகையாகவும் சுருங்கியது.

இந்த மாற்றம் தமிழ்நாட்டோடு நின்றதல்ல. கௌரவ் சிப்ளுங்கர், ஜெஃப்ரி வீவர் ஆகிய பொருளியலாளர்கள் 74,000-க்கு மேற்பட்ட இந்தியத் திருமணங்களின் தரவை ஆராய்ந்தனர். 1930-க்கும் 1975-க்கும் இடையில் வரதட்சணை கொடுக்கப்பட்ட திருமணங்களின் விகிதம் இருமடங்கானது என்றும், விலைவாசி ஏற்றத்தைக் கழித்த பிறகும் அதன் சராசரி மதிப்பு மும்மடங்கானது என்றும் அவர்கள் கண்டனர். 1960 முதல் 2008 வரை ஊரகங்களில் நடந்த ஏறத்தாழ 40,000 திருமணங்களைக் கொண்டு உலக வங்கி ஆய்வாளர்கள் 2021-இல் வெளியிட்ட கணக்கின்படி, அவற்றில் நூற்றுக்கு 95-இல் வரதட்சணை இருந்தது.

பொருள் போகும் திசை ஏன் மாறியது என்ற கேள்வியைப் பலரும் ஆராய்ந்துள்ளனர். அந்த விளக்கங்களை இக்கட்டுரை எடைபோடுகிறது. அதோடு, திசையைவிட அடிப்படையான ஒன்று பெரும்பாலும் பேசப்படாமல் விடுபடுகிறது என்பதையும் காட்ட முற்படுகிறது. கைமாறிய பொருள் யாருடைய உடைமையாகிறது என்பதே அது.

பரிசத்தின் பழமையும் அதன் எல்லையும்

பெண்ணுக்காக ஆண் பொருள் தேடும் வழக்கம் சங்க இலக்கியத்தில் வேரோடியிருக்கிறது. மணத்துக்கு வேண்டிய பொருளை ஈட்டத் தலைவன் பிரிந்து செல்வதை வரைபொருட் பிரிவு என்று அகப்பொருள் மரபு தனியே வகைப்படுத்துகிறது. புறத்திணையில் மகட்பாற்காஞ்சித் துறைப் பாடல்கள் வேந்தர் பெண் கேட்டு வருவதையும், தந்தையும் தமையன்மாரும் மறுப்பதையும், ஊர் போருக்கு அஞ்சி நிற்பதையும் பாடுகின்றன. புறநானூற்றின் 343-ஆம் பாடலில் முசிறித் துறைமுகத்தின் செல்வத்தையே கொண்டுவந்து வைத்தாலும் தகுதியில்லாதவனுக்குப் பெண் இல்லை என்று தந்தை நிற்கிறான். இவை இலக்கியச் சான்றுகள். அன்றைய குடும்பங்களின் வரவுசெலவுக் கணக்கு அல்ல. ஆயினும் பெண்ணைக் கேட்பவன் பொருளோடு வரவேண்டும் என்ற எண்ணத்தை இந்தப் பாடல்கள் விளக்கம் தேவைப்படாத ஒன்றாகவே எடுத்துக்கொள்கின்றன.

இன்னும் உறுதியான சான்று கல்லில் இருக்கிறது. வேலூருக்கு அருகில் விரிஞ்சிபுரம் கோயிலில் 1425-ஐச் சேர்ந்த விஜயநகரக் காலக் கல்வெட்டு ஒன்று உள்ளது. படைவீட்டு இராச்சியத்தில் வாழ்ந்த கன்னடர், தமிழர், தெலுங்கர், இலாளர் ஆகிய பிராமணர்கள் கூடி எழுதிக்கொண்ட உடன்பாடு அது. இனித் திருமணங்களைக் கன்னியாதானமாகவே நடத்துவது, பொன் வாங்கிக்கொண்டு பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்துப் பெண் எடுப்பவரும் அரச தண்டனைக்கும் சாதி விலக்குக்கும் உரியவர் என்பது அதன் சாரம். நடக்காத ஒன்றைத் தடைசெய்ய யாரும் கூடிக் கையெழுத்திடுவதில்லை. பொருள் கொடுத்துப் பெண் பெறுவது என்று மனுஸ்மிருதி இழிவாக ஒதுக்கிய ஆசுர மணத்தின் கூறு, பதினைந்தாம் நூற்றாண்டில் தொண்டை மண்டலப் பிராமணரிடையிலேயே வழங்கியது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. பிராமணர் எக்காலத்திலும் வரதட்சணை கொடுத்தே வந்தார்கள், மற்றவர்கள் எக்காலத்திலும் பரிசம் கொடுத்தே வந்தார்கள் என்ற எளிய பிரிவினையை இந்தக் கல்வெட்டு உடைக்கிறது. இது தடுத்தது பொன் வாங்குவதைத்தான் என்பதும் கவனத்துக்குரியது. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுக்கும் பெருந்தொகை அன்று ஒரு சிக்கலாகவே அவர்களுக்குத் தோன்றவில்லை.

பரிசம் வழங்கிய காலத்தைப் பெண்ணின் மதிப்பு உயர்ந்திருந்த காலமாக நினைவுகூர்வது தமிழ் மேடைகளில் வழக்கமாகிவிட்டது. அதில் பாதி உண்மை உண்டு. பெண் பிறந்தால் செலவு என்ற கணக்கு அன்று எழவில்லை. ஆனால் பரிசத்தை வாங்கியவர் தந்தை. அதன் ஒரு பகுதி பெண்ணுக்கு நகையாகத் திரும்பியிருக்கலாம். கல்யாணச் செலவுக்குப் போயிருக்கலாம். அவளுடைய தம்பிக்குப் பரிசம் போடப் பயன்பட்டிருக்கலாம். பெண் அந்தப் பணத்தின் உடைமையாளராக இருந்ததில்லை. ஜாக் குடி, இலங்கைத் தமிழரான எஸ்.ஜே. தம்பையா ஆகிய இரு மானிடவியலாளர்கள் 1973-இல் வெளியிட்ட மணப்பொருள் பற்றிய நூலில், ஆப்பிரிக்கச் சமூகங்களில் பரிசம் ஒரு சுழல்நிதி என்று குடி விளக்கினார். மகளுக்கு வந்த மாடுகள் மகனுக்கு மனைவியைக் கொண்டுவரும். பொருள் ஆண்களின் கைகளுக்கிடையில் சுற்றி வரும். பெண் அதன் காரணம் மட்டுமே. தென்னாப்பிரிக்காவின் லொபோலா வழக்கத்தில் இது வெளிப்படையாகத் தெரியும். நேட்டாலில் 1869-இல் ஆங்கில ஆட்சி சாமானியருக்கு 10 மாடுகள் என்று உச்சவரம்பு வைத்தது. வரம்பு நாளடைவில் வழக்கமான விலையாகவே நிலைத்தது. மணமுறிவில் பரிசத்தைத் திருப்பிக் கேட்பது மனைவியைக் கொடிய மணவாழ்வில் கட்டிவைக்கிறது என்று கருதி, உகாண்டாவின் உச்ச நீதிமன்றம் 2015-இல் அந்தத் திருப்புக் கோரிக்கையை அரசமைப்புக்கு முரணானதென்று தீர்த்தது. ஆக, பொருள் பெண் வீட்டை நோக்கி வருவதனாலேயே பெண்ணுக்கு வலிமை வந்துவிடுவதில்லை.

மத்தியதரைக் கடல் நாடுகளின் சான்று

உலகச் சமூகங்களைத் தொகுத்த ஜார்ஜ் மர்டாக்கின் இனவரைவியல் அட்டவணையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குச் சமூகங்கள் பரிசம் கொடுப்பவை. பெண் வீட்டார் பொருள் கொடுப்பவை நூற்றுக்கு நான்கு அளவே. அந்தச் சிறுபான்மை வழக்கம் ஐரோப்பாவிலும் ஆசியாவிலும் எழுத்தும் சொத்தும் பெருகிய நாகரிகங்களில் திரண்டிருக்கிறது. அதனாலேயே அதைப் பற்றிய சட்ட ஆவணங்கள் ஏராளம்.

கி.மு. 1750-ஐ ஒட்டிய, பாபிலோன் அரசன் ஹம்முராபியின் சட்டத்தொகுதி இரு திசைகளிலும் பொருள் போவதை ஏற்கிறது. மாப்பிள்ளை மாமனாருக்குக் கொடுப்பது ஒன்று, தந்தை மகளோடு அனுப்புவது மற்றொன்று. குழந்தை பெறாத மனைவியைக் கணவன் விலக்கினால் பரிச அளவு வெள்ளியையும் அவள் கொண்டுவந்த சீரையும் சேர்த்துக் கொடுத்தே அனுப்ப வேண்டும். அவள் இறந்தால் சீர் அவளுடைய பிள்ளைகளுக்கு உரியது. அவளுடைய தந்தைகூட அதைத் திருப்பிக் கேட்க முடியாது.

ஏதென்ஸில் கணவன் சீரை நிர்வகித்தான், ஆனால் அது அவன் சொத்தாகவில்லை. மணமுறிவில் திருப்பித் தராவிட்டால் ஆண்டுக்கு 18 விழுக்காடு வட்டி ஏறியது. சீருக்கு ஈடாக வைக்கப்பட்ட நிலத்தில் அதை அறிவிக்கும் கல் நடப்பட்டது. அத்தகைய எல்லைக்கற்கள் பல இன்றும் கிடைக்கின்றன. ரோமில் கி.மு. 18-இல் அகஸ்டஸ் கொண்டுவந்த சட்டம், சீராக வந்த இத்தாலிய நிலத்தை மனைவியின் ஒப்புதலின்றிக் கணவன் விற்க முடியாமல் செய்தது. இவை பெண் விடுதலைச் சட்டங்கள் அல்ல. சீர் பெரும்பாலும் பெண்ணின் பிறந்த வீட்டு ஆண்களின் கண்காணிப்பில்தான் இருந்தது. ஆனால் மூன்று நாகரிகங்களும் ஒன்றில் தெளிவாக இருந்தன. சீர் கணவன் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளும் பொருளல்ல. மணம் முறிந்தால் அது வந்த வழியே திரும்ப வேண்டும்.

விரிஞ்சிபுரத்துப் பிராமணர் உடன்பாடு எழுதிய அதே 1425-இல் பிளாரன்ஸ் நகர அரசு மகள்களின் சீருக்கென்று ஒரு பொது நிதியம் தொடங்கியது. தந்தை சிறுமியின் பெயரில் ஒரு தொகையைக் கட்டுவார். ஏழரை ஆண்டு அல்லது பதினைந்து ஆண்டு கழித்துப் பெருகிய தொகை அவள் திருமணத்தின்போது கிடைக்கும். அரசுக்குக் கடன் தேவை, தந்தையருக்குச் சீர்க் கவலை. இரண்டும் ஒரே கணக்கில் இணைந்தன. அந்தக் கவலை புதிதல்ல. நூறாண்டுக்கு முன்பே தாந்தே தன் காவியத்தின் சொர்க்கப் பகுதியில், மகள் பிறந்தால் தந்தை அஞ்சாத பழைய பிளாரன்ஸை ஏக்கத்தோடு நினைவுகூர்ந்திருந்தான். வெனிஸ் வேறு வழியை முயன்றது. 1420-இல் அதன் ஆட்சிமன்றம் சீருக்கு 1,600 டுகாட் என்று உச்சவரம்பு விதித்தது. 1505-இல் அந்த வரம்பே 3,000 ஆக உயர்ந்தது. தன் மகளுக்கு நல்ல இடம் தேடிய ஒவ்வொரு தந்தையும் சட்டத்தை மீறக் காரணம் வைத்திருந்தார். அதனால் சட்டம் நடைமுறையைத் துரத்தியே ஓடியது.

பிளாரன்ஸில் விதவை தன் சீரைக் கணவனின் வாரிசுகளிடமிருந்து திரும்பப் பெறும் உரிமை பெற்றிருந்தாள். அந்த உரிமைக்கும் ஒரு விலை இருந்தது என்று வரலாற்றாசிரியர் கிறிஸ்டியான் கிளாபிஷ்-சூபெர் காட்டியுள்ளார். இளம் விதவையைப் பிறந்த வீட்டார் சீரோடு இழுத்துக்கொண்டு போய் மறுமணம் செய்து வைத்தனர். குழந்தைகள் தந்தை வழியினரிடம் நின்றுவிட்டன. உடைமை பெண்ணின் பெயரில் இருந்தும் முடிவு அவள் கையில் இல்லாதபோது என்ன நேரும் என்பதற்கு இது வேதனையான சான்று.

ஐரோப்பாவில் இந்த வழக்கம் தேய்ந்ததற்குக் கூலி வேலை, கல்வி, பெண்ணின் தனிச்சொத்துரிமை ஆகியவற்றின் வளர்ச்சி காரணமாகச் சொல்லப்படுகிறது. இங்கிலாந்தில் 1870, 1882 சட்டங்கள் மணமான பெண்ணின் சொத்துரிமையை ஏற்றன. இத்தாலி 1975-இன் குடும்பச் சட்டத் திருத்தத்திலும் கிரேக்கம் 1983-இலும் சீர் என்ற சட்ட ஏற்பாட்டையே நீக்கின. ஐரோப்பாவின் தென்கோடியில் அது வாழும் நினைவாக இருந்தது என்பதை மறக்கக் கூடாது. வரதட்சணையை இந்தியாவுக்கே உரிய நோய் என்று எழுதுவோர் பலர் இதைத் தவற விடுகின்றனர்.

திசை மாறியதற்குச் சொல்லப்படும் காரணங்கள்

டென்மார்க்கின் பொருளியலாளர் எஸ்தர் போசெரப் 1970-இல் முன்வைத்த விளக்கம் உழைப்பை மையமாகக் கொண்டது. கொத்துக்கருவியால் பயிரிடும் நாடுகளில் வயலில் பெண் உழைப்பு மிகுதி, ஆகவே அவளுக்கு விலை உண்டு; ஏர் வந்த இடத்தில் பெண் வயலைவிட்டு வீட்டுக்குள் போனாள், அவளைக் காப்பாற்ற அவள் வீட்டார் பொருள் கொடுத்தனர் என்பது அதன் சுருக்கம். தமிழ்நாட்டில் இது அரைகுறையாகவே பொருந்துகிறது. காவிரிப் படுகையில் ஏர் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. நாற்று நடவும் களையெடுப்பும் இன்றும் பெண்களின் வேலை. வயலில் இறங்கி உழைத்த குடும்பங்களில் பரிசம் நீடித்து, நிலவுடைமையால் பெண்களை வயலிலிருந்து விலக்கிய குடும்பங்களில் முதலில் மறைந்தது என்ற அளவில் மட்டும் போசெரப் பயன்படுகிறார்.

மேல்நிலையாக்கம் என்ற விளக்கம் சமூகவியலாளர் எம்.என். சீனிவாசோடு சேர்த்துப் பேசப்படுவது. பிராமணரின் கன்னியாதானத்தைப் பார்த்துப் பிற சாதிகள் பரிசத்தைக் கைவிட்டன என்பது அது. ஆனால் சீனிவாசே 1984-இல் வரதட்சணை பற்றி எழுதியபோது, இன்றைய வரதட்சணை பழைய சீதனத்தின் தொடர்ச்சி அல்ல, சம்பள வேலையும் பணப் பொருளாதாரமும் பெற்ற புது வழக்கம் என்று பிரித்துக் காட்டினார். பார்த்துச் செய்தல் என்பது பழக்கம் பரவிய வழியைச் சொல்லுமே தவிர, முதலில் பார்க்கப்பட்டவர்களிடம் அது ஏன் வந்தது என்பதைச் சொல்லாது.

மக்கள்தொகைக் கணக்கை வைத்துச் சொல்லப்படும் மணச்சந்தை நெருக்கடி என்ற விளக்கம் கூர்மையானது. இறப்பு விகிதம் குறைந்து மக்கள்தொகை பெருகும்போது, ஒவ்வோர் ஆண்டும் பிறப்பவர் முந்தைய ஆண்டினரைவிட அதிகம். ஆண்கள் தம்மைவிட இளைய பெண்களை மணப்பதால் மாப்பிள்ளைகளைவிடப் பெண்கள் மிகுந்து, மாப்பிள்ளைக்கு விலை ஏறுகிறது. ஜான் கால்டுவெல் குழுவினர் 1983-இலும் விஜயேந்திர ராவ் 1993-இலும் இதை வலியுறுத்தினர். ஆனால் சிப்ளுங்கரும் வீவரும் தம் பெருந்தரவில் இதற்கு ஆதரவு காணவில்லை. பெண்கள் குறைந்துபோன இடங்கள் இன்னும் கடுமையான சோதனை. சீனத்தில் பெண்கள் குறைய, மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் சாய்லி என்ற பரிசத் தொகை ஊரகங்களில் கட்டுக்கடங்காமல் ஏறியது. அதைத் திருப்பிக் கேட்கும் வழக்குகளுக்கு நெறி வகுக்கும் விதிகளை அந்நாட்டின் உச்ச மக்கள் நீதிமன்றம் 2024 பிப்ரவரி முதல் நடைமுறைப்படுத்தியது. ஹரியானாவிலும் பெண்கள் குறைவு. அங்கே நிலமோ வேலையோ இல்லாத ஆண்கள் வங்கத்திலிருந்தும் அசாமிலிருந்தும் பணம் கொடுத்துப் பெண் கொண்டுவருகின்றனர். அதே ஊரில் அரசு வேலையிலிருக்கும் மாப்பிள்ளைக்கு வரதட்சணை குறையவில்லை. எண்ணிக்கை மட்டுமே விலையை முடிவு செய்வதென்றால் இந்த இரண்டும் ஓர் ஊரில் சேர்ந்து நிகழ முடியாது.

இந்த முரண் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தும் இடம் மாப்பிள்ளைகளுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வு. பொருளியலாளர் சிவான் ஆண்டர்சன் 2003-இல் வைத்த வாதம் இதுதான். சாதிக்குள்ளேயே மணம் முடிக்க வேண்டிய சமூகத்தில் நவீன வருமானங்கள் வந்ததும் ஒரே சாதிக்குள் ஆண்களிடையே பெரிய இடைவெளி உண்டாகிறது. படித்து மாதச் சம்பளம் வாங்கும் சிலருக்காகப் பலர் போட்டியிடுகின்றனர். 1857-இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் பட்டதாரிகளை உருவாக்கத் தொடங்கிய தலைமுறைகளில், தமிழ்ப் பிராமணக் குடும்பங்களில் பி.ஏ. படித்த, சர்க்கார் உத்தியோகம் பார்த்த வரனுக்கு வரதட்சணை ஏறியது இந்த வாதத்துக்கு இசைவானது. வேலைக்குப் போகும் வழி மற்றச் சாதிகளுக்குத் திறந்தபோது வரதட்சணையும் அதே வழியில் அங்கே போய்ச் சேர்ந்தது. சிப்ளுங்கர்-வீவர் ஆய்வின் முடிவும் இதையே ஆதரிக்கிறது. இருக்கும் விளக்கங்களில் வலுவானது இதுவே.

ஆயினும் தமிழ்நாட்டில் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. அது உறவுமுறைத் திருமணத்தின் தேய்வு. அக்காள் மகள், மாமன் மகள், அத்தை மகன் என்று உரிமை கொண்டாடி மணம் முடித்த காலத்தில் இரு வீடுகளும் ஏற்கெனவே ஒரே வலைக்குள் இருந்தன. கொடுத்தது அடுத்த தலைமுறையில் திரும்பி வரும். உரிமைப் பெண்ணை வெளியே கொடுக்கத் தாய்மாமனிடம் ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். திருச்சிப் பகுதிக் கிராமம் ஒன்றில் களப்பணி செய்து மானிடவியலாளர் காரின் கபாடியா 1995-இல் வெளியிட்ட நூல், படித்த மாப்பிள்ளையைத் தேடி உறவுக்கு வெளியே போனபோது பெண் வீட்டின் கை தாழ்ந்ததையும் பரிசம் வரதட்சணையாக மாறியதையும் விளக்குகிறது. தாய்மாமன் மகனுக்குப் பேரம் பேச இடமில்லை. முன்பின் தெரியாத பொறியாளனுக்கு உண்டு.

மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டிப் பகுதி இந்த மாற்றத்தின் மிகக் கொடிய விளைவைக் கண்டது. 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையின் பாசனம் வந்த ஊர்களில் பணப்பயிரும் கையில் காசும் வந்தன. காசுள்ள மாப்பிள்ளையும் காசில்லாத மாப்பிள்ளையும் பிரிந்தனர். பரிசம் வாங்கிய பிரமலைக் கள்ளர் குடும்பங்கள் ஒரே தலைமுறையில் வரதட்சணை கொடுக்கும் நிலைக்கு வந்தன. அங்கே நடந்த பெண் சிசுக்கொலை 1980-களின் நடுவில் நாட்டின் கவனத்துக்கு வந்தது. தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 1992-இல் தொடங்கியது. பழைய மரபின் இருள் என்று இதை எழுதியவர்கள் பிழை செய்தார்கள். அந்தக் குழந்தைகளைக் கொன்றது பழைய மரபு அல்ல. வளர்ச்சியோடு கூட வந்த ஒரு புதுக் கணக்கு.

வரலாற்றாசிரியர் வீணா தல்வார் ஓல்டன்பர்க் 2002-இல் பஞ்சாபைப் பற்றி எழுதிய நூல் இந்தப் புதுமையை இன்னொரு பக்கத்திலிருந்து தொடுகிறது. ஆங்கில ஆட்சி நிலப்பட்டாவை ஆண்களின் பெயரில் எழுதியது, வரியைப் பணமாகக் குறித்த நாளில் கேட்டது. அதனால் பெண்ணின் பாதுகாப்புக்கென இருந்த சீர், வீட்டின் நெருக்கடிக்கு எடுத்தாளும் பணமாயிற்று என்பது அவர் வாதம். பஞ்சாபின் முடிவைத் தமிழ்நாட்டுக்கு அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் பட்டா யார் பெயரில் என்ற அவருடைய கேள்வி இங்கும் எழ வேண்டியது.

யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும்

தமிழரிடையே பெண் வீட்டார் பொருள் கொடுப்பதும் அது பெண்ணின் உடைமையாக நிற்பதும் சேர்ந்திருந்த இடங்கள் ஈழத்தில் உண்டு. யாழ்ப்பாணத்து வழக்கங்களை டச்சு அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1707-இல் தேசவழமை என்று தொகுத்தார். யாழ்ப்பாணத்து முதலியார் பன்னிருவர் அதைச் சரிபார்த்தனர். அது குடும்பச் சொத்தை மூன்றாகப் பிரிக்கிறது. பரம்பரையாக வரும் முதுசம், மகளுக்கு மணத்தின்போது எழுதிக்கொடுக்கும் சீதனம், மணவாழ்வில் சேர்க்கும் தேடிய தேட்டம். சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் மற்றச் சொத்தில் பங்கு கேட்பதில்லை. அவள் பிள்ளையின்றி இறந்தால் சீதனம் கணவனுக்குப் போகாமல் அவளுடைய சகோதரிகள் வழிக்குத் திரும்பும். பெற்றோர் உயிரோடிருக்கும்போதே மகளுக்குக் கொடுக்கும் வாரிசுப் பங்கே சீர் என்று ஜாக் குடி சொன்னதற்கு இது நேரான எடுத்துக்காட்டு. மட்டக்களப்புப் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்க, மருமகன் அந்த வீட்டுக்கு வருவான். மானிடவியலாளர் டென்னிஸ் மெக்கில்வ்ரே இதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தமிழ்நாட்டில் காயல்பட்டினத்திலும் வீடு மகளுக்கே.

இந்த ஏற்பாடுகளைப் பொற்காலமாக்க வேண்டியதில்லை. 1911-இன் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள் சட்டப்படி, மனைவி தன் பெயரிலுள்ள நிலத்தை விற்கக் கணவனின் எழுத்துமூல ஒப்புதல் வேண்டும். காணி இல்லாத குடும்பத்துப் பெண்ணுக்குச் சீதனம் சேர்க்க அவள் அண்ணன்மார் ஆண்டுக்கணக்கில் உழைத்தனர்; பலர் அதற்காகவே தம் மணத்தைத் தள்ளிப் போட்டனர். இருபதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் சீதனத்தோடு டொனேஷன் என்று தனியே ஒரு தொகை சேர்ந்தது. சீதனம் பெண்ணின் பெயரில் உறுதிப் பத்திரமாக எழுதப்படும். டொனேஷன் மாப்பிள்ளையின் பெற்றோர் கைக்குப் போகும், பெரும்பாலும் அவருடைய தங்கையின் சீதனத்துக்கு. ஒரே திருமணத்தில் இரு பொருள்களும் பெண் வீட்டிலிருந்துதான் புறப்படுகின்றன, ஒரே திசையில்தான் போகின்றன. ஒன்று பெண்ணுக்கு வீடாகிறது, மற்றொன்று அவள் கண்ணில் படாமல் கரைகிறது. தமிழ்நாட்டு வரதட்சணையில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகை. ரொக்கமும் வண்டியும் மாப்பிள்ளைக்கு. நகைகூட மாமியார் பீரோவில் அல்லது அடகுக் கடையில். தமிழ் முஸ்லிம்களிடையே நிலைமை இன்னும் வெளிப்படை. மணமகன் மணமகளுக்குத் தர வேண்டிய மஹர் பெயரளவில் நிற்க, மணமகளின் தந்தை தரும் கைக்கூலி பெருந்தொகையாகிறது. மஹர் அவளுடையது, கைக்கூலி அவளுடையது அல்ல.

சட்டம் தொட்டதும் தொடாததும்

இந்தியாவின் 1961 வரதட்சணைத் தடைச் சட்டம் வெனிஸ் ஆட்சிமன்றத்தின் வழியில் போனது. வாங்குவதையும் கொடுப்பதையும் குற்றமாக்கியது. கொடுத்த தந்தையும் குற்றவாளி என்பதால், மணம் நல்லபடியாகப் போகும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. அது முறியும்போதோ பெண் இறக்கும்போதோதான் வழக்கு வருகிறது. கொடுமைக்கான தண்டனைப் பிரிவு 1983-இலும், மணமான ஏழாண்டுக்குள் நிகழும் வரதட்சணை மரணத்துக்கான பிரிவு 1986-இலும் வந்தன. 2022-இல் மட்டும் நாடு முழுவதும் 6,400-க்கும் மேற்பட்ட வரதட்சணை மரணங்கள் பதிவாயின என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்கிடுகிறது. அந்தப் பிரிவுகள் தேவையில்லை என்று எவரும் சொல்ல முடியாது. அவை பிணத்துக்குப் பின் வரும் நீதி என்பதையும் மறைக்க முடியாது.

அதே 1961 சட்டத்தில் வேறொரு வழியும் இருக்கிறது. அதன் ஆறாம் பிரிவின்படி, பெண்ணல்லாத வேறு யார் வரதட்சணையை வாங்கினாலும், மூன்று மாதத்துக்குள் அதை அவளிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவரை அவளுக்காக வைத்திருப்பவராகவே அவர் கருதப்படுவார். 1985-இன் விதிகள், மணமக்களுக்கு வந்த பரிசுப் பொருள்களைக் கொடுத்தவர் பெயர், உறவு, ஏறத்தாழ மதிப்பு ஆகியவற்றோடு பட்டியலிட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும் என்கின்றன. சீதனம் மனைவியின் முழு உடைமை, திருப்பித் தர மறுக்கும் கணவன் நம்பிக்கை மோசடிக் குற்றத்துக்கு ஆளாவான் என்று பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே 1985-இல் தீர்ப்பளித்தது. ஏதென்ஸின் எல்லைக்கல்லும் யாழ்ப்பாணத்தின் சீதன உறுதியும் செய்த வேலையை இந்தியச் சட்டமும் தாளில் செய்து வைத்திருக்கிறது. கல்யாண மண்டபங்களில் மொய் எழுத நோட்டு உண்டு. இந்தப் பட்டியலுக்கு நோட்டு இல்லை.

வாரிசுரிமை மாறினால் வரதட்சணை தானே குறையும் என்று, சீரை வாரிசுப் பங்காகக் கண்ட ஜாக் குடியின் கோட்பாட்டிலிருந்து எதிர்பார்க்கலாம். தமிழ்நாடு 1989-இல், ஒன்றிய அரசின் 2005 திருத்தத்துக்கு முன்பே, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை தந்தது. ஆனால் 1989 மார்ச் 25-க்கு முன் மணமானவர்களை அது விலக்கியது. உரிமை பெற்ற மகள்களிலும் பலர் அண்ணன் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்கின்றனர். 'உனக்குத்தான் நகையும் சீரும் செய்தாயிற்றே' என்பதே அப்போது சொல்லப்படும் நியாயம். அந்த நகையும் சீரும் அவளிடம் இல்லை, பங்கும் போயிற்று. மகளுக்கு வாரிசுப் பங்காகவும் நிற்காமல், மனைவிக்குச் சொத்தாகவும் நிற்காமல் போவதே இன்றைய வரதட்சணையின் தனித்தன்மை. பாபிலோன் முதல் யாழ்ப்பாணம் வரை பார்த்த எந்த ஏற்பாட்டுக்கும் இந்தக் குறை இந்த அளவில் இல்லை.

தமிழ்நாடு அரசின் போக்கிலும் ஒரு திருப்பம் தெரிகிறது. 1989-இல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண நிதியுதவித் திட்டத்தில் 2011 முதல் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. 2022-இல் அது புதுமைப் பெண் திட்டமாக மாறி, உயர்கல்வி பயிலும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் அவர்களுடைய வங்கிக் கணக்கிலேயே செலுத்தப்படுகிறது. தொகை சிறியது, ஆனால் அது பெண்ணின் பெயரில் வருகிறது. 2009-இன் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்யக் கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் பதிவு விண்ணப்பத்தோடு 1985 விதிகள் கேட்கும் பட்டியலும் இணைக்கப்பட வேண்டும். அதில் ரொக்கமும் நகையும் வண்டியும் மணமகளின் உடைமை என்று எழுதப்பட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. பதிவுத் துறையின் ஓர் ஆணை போதும். பெண்ணைப் பெற்றவர்களும் மணமேடை ஏறும் பெண்களும் அந்த ஆணைக்காகக் காத்திராமல் பட்டியலை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளச் சட்டம் இன்றே இடம் தருகிறது.